டாட்டா, அலிகேட்டர், மூட்டைப்பூச்சி

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பழைய மரக்கட்டில், குறுக்கும் நெடுக்கும் கயிறு. கீழே ஆங்கிலத்தில் ஒரு விளக்கம். முற்காலக் கட்டில்களுக்குக் கயிறுதான் அடி, அது தளர்ந்தால் நித்திரை வராது, அதனால் இரவில் கயிற்றை இறுக்கிவிட்டுப் படுப்பார்கள், 'ஸ்லீப் டைட்' என்ற சொல் அப்படித்தான் பிறந்தது என்று. சித்தப்பா கைதட்டும் பொம்மை போட்டார். பெரியம்மா, "எங்கட ஊர்க் கயித்துக் கட்டிலும் அப்பிடித்தானே, கால்மாட்டுக் கயித்தை இழுத்துக் கட்டாட்டி நடுவில குழி விழும்" என்று எழுதினா.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தொழிலில் மென்பொருள் ஆலோசகர். "இது இப்படித்தான் ஆரம்பித்தது" என்று யாராவது சொன்னால், முதல் கமிட் எங்கே, தேதி என்ன என்று கேட்பது எனக்குக் கைப்பழக்கம். சொற்களுக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. ஒரு சொல் முதன்முதலில் எந்த ஆண்டில், எந்தக் கடிதத்தில், எந்தப் பத்திரிகையில் எழுதப்பட்டது என்று ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டாகத் தேடிச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் கயிற்றுக் கட்டில் கதை நிற்காது. கயிற்றுக் கட்டில் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. 'ஸ்லீப் டைட்' என்ற தொடரோ 1866இல், அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் இளம்பெண் எழுதிய நாட்குறிப்பில்தான் முதலில் தென்படுகிறது. 'டைட்' என்றால் அங்கே 'நன்றாக, உறுதியாக' என்று பொருள். 'ஹோல்ட் டைட்', 'சிட் டைட்' என்கிறோமே, அதே 'டைட்'. நல்லாப் படு என்கிறார்கள், அவ்வளவுதான். கட்டிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தம்பி தங்கச்சிமாரே, இந்தக் கட்டுரை இப்படிப்பட்ட சொற்களைப் பற்றியது. நர்சரியில், விளையாட்டு மைதானத்தில், பக்கத்து வீட்டு ஆங்கிலப் பாட்டியின் வாயில் நாம் கேட்டு வளர்ந்தவை. நம்மில் பலருக்கு இவற்றில் ஒரு சிக்கல் உண்டு. நம் அப்பா அம்மா இவற்றைச் சொன்னதில்லை. என் அப்பா யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் எழுதுவார், வீட்டுக் கடன் படிவம் நிரப்புவார், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகக்கூட நின்றிருக்கிறார். ஆனால் விழுந்த குழந்தையைத் தூக்கும்போது சொல்லும் ஆங்கிலம் அவரிடம் இருக்கவில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. அது மடியில் கற்கும் மொழி. அவருடைய மடிமொழி தமிழ்.

முதலில் அந்த மூட்டைப்பூச்சியை முடித்துவிடுகிறேன், அதில் நிறைய விஷயம் இருக்கிறது.

'ஸ்லீப் டைட்' என்ற பிறகு மூட்டைப்பூச்சி கடிக்க விடாதே என்று சேர்த்துச் சொல்வது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பரவிய வழக்கம். அன்று அது பகிடி அல்ல. ஏழை, பணக்காரர் வித்தியாசமில்லாமல் கட்டில்களில் மூட்டைப்பூச்சி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. மருந்து வந்து, பணக்கார நாடுகளில் அது கிட்டத்தட்ட ஒழிந்துபோனது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்நாட்டுக் குழந்தைகள், கண்ணால் பார்த்தறியாத பூச்சியின் பேரைச் சொல்லிக்கொண்டு தூங்கினார்கள். 1990களின் கடைசியில் அது திரும்பி வந்தது. 2023இல் பாரிஸ் நகரமே மெட்ரோ இருக்கைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது பிரான்சில் இருக்கும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது 'பக்' என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் பூச்சி அல்ல, பேய். 1535இல் மைல்ஸ் கவர்டேல் பைபிளை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, 91ஆம் சங்கீதத்தில் இரவின் பயங்கரத்துக்கு அஞ்சவேண்டாம் என்று வரும் இடத்தில் 'பக்' என்றுதான் போட்டார். பிற்காலத்தவர் சிரித்துக்கொண்டே அதற்கு 'பக் பைபிள்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பூச்சி என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் தென்படுகிறது. பேயான 'பக்'கும் பூச்சியான 'பக்'கும் ஒரே சொல்தானா என்பதில் அகராதிக்காரர்கள் இன்னும் ஒருமித்து முடிவு சொல்லவில்லை. 'போகிமேன்', அதாவது ஆங்கிலேயரின் பூச்சாண்டி, அந்தப் பேய்ச் சொல்லின் சொந்தக்காரன். ஸ்காட்லாந்தில் 1500ஐ ஒட்டியே 'போகிள்' என்ற பேய் உலாவியது.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் வேறொரு கதை கேட்டிருப்பீர்கள். பூகிஸ் எம்.ஆர்.டி. நிலையம் இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய பூகிஸ் மக்கள் சுலவேசித் தீவின் கடலோடிகள். அவர்களுடைய கடற்கொள்ளைக்குப் பயந்த ஐரோப்பிய மாலுமிகள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் "பூகிஸ்காரன் வருவான்" என்று மிரட்டினார்கள், அதுதான் போகிமேன் ஆயிற்று என்பார்கள். தேதி இதற்கும் ஒத்துவரவில்லை. ஆங்கிலக் கப்பல்கள் அந்தக் கடலுக்கு வாடிக்கையாகப் போகத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பேய் அதற்கு முன்பே ஊரில் குடியிருந்தது. மேலும், ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் பூச்சாண்டியாக்கும் கதை அது. பூகிஸ் பிள்ளைகளும் அதே சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்து இதைக் கேட்கிறார்கள் அல்லவா?

மெய்யான ஒரு மனிதரை ஆங்கிலேயர் பூச்சாண்டியாக்கியதற்குச் சான்று வேண்டுமென்றால் நெப்போலியன் இருக்கிறார். 1803 முதல் 1805 வரை அவர் கால்வாயைத் தாண்டிப் படையெடுப்பார் என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்தது. தூங்காத பிள்ளைகளிடம் ஆயாமார் "போனி வருவான்" என்றார்கள். போனபார்ட்டின் சுருக்கம். ஐரோப்பாவை நடுங்கவைத்த பேரரசர், ஆங்கிலக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டவும் உதவியிருக்கிறார்.

கணினித்துறையில் சேரும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே இன்னொரு பூச்சிக் கதை சொல்லித்தருவார்கள். 1947 செப்டம்பரில் ஹார்வர்டின் மார்க் 2 கணினிக்குள் ஒரு விட்டில் சிக்கியது, கிரேஸ் ஹாப்பரின் குழுவினர் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினார்கள், அன்றிலிருந்துதான் நிரல் பிழைக்கு 'பக்' என்று பெயர். விட்டில் உண்மை. அது ஒட்டிய பக்கம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதன் சாரம், பூச்சி நிஜமாகவே அகப்பட்ட முதல் தடவை இது என்பது. அதாவது பழைய சொல் ஒன்றை வைத்துப் பகிடி விட்டிருக்கிறார்கள். எடிசன் 1878இலேயே தன் கருவிகளின் சின்னக் கோளாறுகளை 'பக்' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். என்னுடைய சம்பளத்தில் பாதி 'பக்' பிடித்துத்தான் வருகிறது. அந்தச் சொல்லின் பாட்டன் குழந்தைகளைப் பயமுறுத்திய பேயாக இருக்கலாம் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இதில் தமிழுக்கு வருவோம். 'பூச்சாண்டி காட்டாதே' என்று வீட்டில் கேட்டிருப்பீர்கள். 'பூச்சி காட்டுதல்' என்றும் சொல்வதுண்டு. இந்த விளையாட்டுக்கு நம்மிடம் எழுத்துச் சான்று இருக்கிறது, அதுவும் சாதாரணச் சான்று அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடிய பதிகங்களில் ஒன்றின் பெயரே 'அப்பூச்சி காட்டுதல்'. கண் இமையை மடித்து விழித்து, முகத்தைக் கோணலாக்கி மற்றவர்களைப் பயமுறுத்தும் குழந்தை விளையாட்டு அது. கைகொட்டி ஆடும் சப்பாணிக்கும், தள்ளாடி நடக்கும் தளர்நடைக்கும் தனித்தனியாகப் பதிகம் பாடியவர், இதற்கும் ஒன்று பாடிவைத்தார். பெருமாள் கோயில்களில் இன்றும் ஓதுகிறார்கள்.

ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பேயும் பூச்சியும். தமிழிலும் 'பூச்சி' என்றால் பேய்முகமும் உயிருள்ள பூச்சியும். உடனே யாராவது "பார், ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது" என்று படம் செய்து அனுப்பிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன், இது தற்செயல். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குப் போனதற்குக் கப்பல் உண்டு, வணிகர் உண்டு, ஆவணம் உண்டு. 'பக்'குக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருட்டில் ஊர்வதைக் கண்டு பயப்படுவதற்கு எந்த மொழிக்கும் இன்னொரு மொழியின் உதவி தேவைப்படவில்லை.

விழுந்த குழந்தைக்கு இப்போது வருவோம். ஆங்கிலேயர் தூக்கிவிட்டுக்கொண்டே 'அப்ஸி டெய்ஸி' என்பார்கள். அப்பா அகராதியில் 'டெய்ஸி' பார்த்துவிட்டு, பூவுக்கும் விழுந்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவிடம் கேட்டாராம். நியாயமான கேள்வி. பூவின் பெயர் 'பகலின் கண்' என்ற பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து வந்தது, பகலில் விரிந்து இரவில் மூடுவதால். இந்த 'டெய்ஸி' வேறு. முதலில் எழுத்தில் கிடைப்பது 1711ஆம் ஆண்டில், 'அப்-அ-டேஸி' என்ற வடிவில். 'ஐயோ இந்த நாளே' என்பது போலப் புலம்பும் 'லாக்-அ-டே' என்ற பழைய சொல்லும் 'லாக்-அ-டெய்ஸி' என்று வால் நீண்டு, இன்று சோம்பலைக் குறிக்கும் 'லாக்கடெய்ஸிக்கல்' ஆகியிருக்கிறது. ஓசைக்காக ஒட்டிய வால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1711இல் அதை எழுதியவர் யார் தெரியுமா? ஜோனதன் ஸ்விஃப்ட். 'கலிவரின் பயணங்கள்' எழுதியவர், அயர்லாந்துப் பாதிரியார், அரசியல்வாதிகளைப் பேனாவால் உரித்தவர். அந்தப் புத்தகம் 1726இல் வந்தது. அதற்கு முன், 1710 முதல் 1713 வரை லண்டனில் இருந்தபோது, டப்ளினில் இருந்த எஸ்தர் ஜான்சனுக்கும் அவருடைய தோழிக்கும் நாள்தோறும் கடிதம் எழுதிவந்தார். எஸ்தரைச் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். கடிதங்களில் பல இடங்கள் சுத்தமான மழலை. 'ர' வரும் இடத்தில் 'ல' போட்டு, சொற்களை உருட்டி, நாற்பதைத் தாண்டிய ஒரு பெரிய மனிதர் குழந்தையாகிப் பேசுகிறார். காலையில் படுக்கையை விட்டு எழும்பும்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல்தான் அந்த 'அப்-அ-டேஸி'. அவர் இறந்த பிறகு கடிதங்களை அச்சிட்டவர்களுக்குக் கூச்சம். பல இடங்களில் மழலையைத் திருத்தி ஒழுங்கான ஆங்கிலமாக்கிவிட்டார்கள். மூலக் கடிதங்களில் ஒரு பகுதி தப்பியிருந்ததால்தான் அவர் நிஜமாக எழுதியதைப் பிற்காலத்தவர் படிக்க முடிந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தோன்றும். மழலையைப் பெரியவர்களின் புத்தகத்தில் வைக்க ஆங்கிலேயர் வெட்கப்பட்டார்கள். நம்மவர்களோ 'பிள்ளைத்தமிழ்' என்று ஓர் இலக்கிய வகையே செய்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னன் குலோத்துங்கன் மேலேயே பிள்ளைத்தமிழ் பாடினார். வாள் பிடித்த அரசனைத் தவழவிட்டு, தாலாட்டி, நிலாவை விளையாடக் கூப்பிட்டார். இதில் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் புலவர்கள் பாடியது ஒழுங்குபடுத்திய மழலை. சமையலறையில் அம்மம்மாமார் நிஜமாக என்ன சொன்னார்கள் என்பதை யாரும் ஓலையில் எழுதிவைக்கவில்லை. நம் வீடுகளில் குழந்தை விழுந்தால் யாரும் பூவைக் கூப்பிடுவதில்லை. தரையைக் கையால் தட்டி, "நிலத்துக்கு அடி, ஏன் பிள்ளையை விழுத்தினாய்?" என்று தரையைத் தண்டிப்பார்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையும் ஒரு அடி போட்டுவிட்டு அழுகையை நிறுத்தும். இந்த நீதிமுறை எவ்வளவு பழையது என்று தேதி சொல்ல நம்மிடம் ஒரு ஸ்விஃப்ட் இல்லை.

சில சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். பேசாமல் நிற்கும் பிள்ளையிடம் 'பூனை உன் நாக்கை எடுத்துக்கொண்டதா' என்பார்கள். கடற்படைச் சவுக்குக்கு 'பூனை' என்று பெயர், அதிலிருந்து வந்தது என்றும், எகிப்தில் பொய்யர்களின் நாக்கைப் பூனைக்குப் போட்டார்கள் என்றும் இணையம் முழுக்கக் கதை இருக்கிறது. ஒன்றுக்கும் சான்றில்லை. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பத்திரிகைகளில், சிறுவர்கள் சொல்லும் சொல்லாகத்தான் அது வருகிறது. பிரெஞ்சுக்காரர் விடுகதைக்கு விடை தெரியாவிட்டால் தாங்களே நாக்கைப் பூனைக்குக் கொடுத்துவிடுவார்கள். 1670இல் மதாம் டி செவினே எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் அது நாய்க்குப் போகிறது. நாம் யாருடைய நாக்கையும் பறிப்பதில்லை, "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்கிறோம். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது, குறைந்தபட்சம் அதில் சாப்பாடு இருக்கிறது.

'ஈஸி பீஸி லெமன் ஸ்குவீஸி' 1950களில் பிரிட்டனில் விற்ற ஒரு பாத்திரம் கழுவும் திரவத்தின் விளம்பரம் என்பார்கள். 'ஸ்குவீஸி' என்ற திரவம் இருந்தது உண்மை. விளம்பரத்தில் எலுமிச்சை வரும் முழு வாசகம் இருந்ததற்குச் சான்று கிடையாது. அதைவிடச் சுவையானது அந்தச் சொல்லின் உடல். ஈஸி பீஸி, சில்லி பில்லி, டீனி வீனி, ஓக்கி டோக்கி. முதல் எழுத்தை மாற்றி, சொல்லைத் திரும்பச் சொல்வது. தமிழில் இதற்கு எதிரொலிச் சொல் என்று பெயர். நம் விதி இன்னும் கறாரானது. குறில் என்றால் 'கி', நெடில் என்றால் 'கீ'. புலி கிலி, பாம்பு கீம்பு, தேத்தண்ணி கீத்தண்ணி. ஒரு வரியில் நிரல் எழுதிவிடலாம், நான் எழுதியும் பார்த்தேன். பொருளில்தான் வித்தியாசம். 'புலி கிலி' என்றால் புலியும் அது போன்ற வேறு எதுவும். 'ஈஸி பீஸி' என்றால் ஈஸிதான், கூடவே கொஞ்சம் சிரிப்பு.

இனி அலிகேட்டர். 'சீ யூ லேட்டர், அலிகேட்டர்' என்று சொல்லாத குழந்தை இங்கே இல்லை. பதிலுக்கு முதலையைக் கூப்பிடவேண்டும். (நம் ஊரில் முதலை இரண்டு வகை உண்டு, அலிகேட்டர் கிடையாது. தமிழில் இரண்டும் முதலைதான், ஆகவே மொழிபெயர்த்தால் பகிடி செத்துவிடும்.) இதை ஏதோ நர்சரிப் பாட்டு என்று நினைத்திருப்பீர்கள். இது ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டு, அதற்கும் முன்னால் தெருப்பேச்சு. 1930களின் ஜாஸ் உலகில் கறுப்பின இசைக்கலைஞர்கள் ஒருவரையொருவர் 'கேட்' என்று கூப்பிடுவார்கள். 1938இல் கேப் காலோவே என்ற பாடகர் வெளியிட்ட ஜாஸ் பேச்சு அகராதியில் அது இருக்கிறது. ஜாஸ் ரசிகர்களுக்கு 'அலிகேட்டர்' என்றும் பெயர் இருந்தது. எதுகைக்கு ஏற்ற 'லேட்டர்' பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

லூசியானா மாநிலத்தில் அலிகேட்டர் நிஜமாகவே ஆற்றில் கிடக்கும். அங்கே அபவில் என்ற சிற்றூர்ப் பையன், பாபி சார்ல்ஸ். பிரெஞ்சு பேசும் கேஜன் குடும்பம். 1955இல், பதின்ம வயதில், இந்தப் பாட்டை எழுதிப் பாடினான். சிகாகோவில் கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட செஸ் நிறுவனத்துக்குத் தொலைபேசியிலேயே பாடிக்காட்டினானாம். குரலைக் கேட்டு அவன் கறுப்பின இளைஞன் என்று நம்பி ஒப்பந்தம் செய்தார்கள், நேரில் பார்த்தபோது வெள்ளைப் பையன் வந்து நின்றான் என்பது அவனே பிற்காலத்தில் சொன்ன கதை. அதே ஆண்டு டிசம்பரில் பில் ஹேலியும் அவருடைய காமெட்ஸ் குழுவும் அந்தப் பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார்கள். 1956 தொடக்கத்தில் அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, சினிமாவிலும் வந்தது. அப்படியே அட்லாண்டிக்கைத் தாண்டிப் பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது. இரவு விடுதிப் பேச்சு, கறுப்பினத்தவரின் பேச்சு, சில ஆண்டுகளில் ஆறு வயதுப் பிள்ளைகளின் பேச்சாகிவிட்டது. எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

அடையாளம் உதிர்வது எப்போதும் இவ்வளவு இனிமையாக நடப்பதில்லை. யார் பிடிக்கிறது என்று தீர்மானிக்க நாம் சொல்லும் 'ஈனி மீனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். காலால் பிடிபடுவது புலி என்று நாம் படித்தோம். 1888இல் ஹென்றி காரிங்டன் போல்டன் என்ற அமெரிக்கர் சிறுவர்கள் ஆள் எண்ணும் பாட்டுகளைத் தொகுத்தபோது, அந்த இடத்தில் புலி இல்லை. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்தான் இருந்தது. பிரிட்டனிலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் அப்படித்தான் பாடினார்கள். புலி பிறகு வந்த மாற்று. 2001இல் அமெரிக்காவில் ஒரு விமானப் பணிப்பெண், பயணிகளைச் சீக்கிரம் உட்காரவைக்க இதை ஒலிபெருக்கியில் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். அப்போது நின்றுகொண்டிருந்த கறுப்பினச் சகோதரிகள் இருவர் அது தங்களை நோக்கிச் சொன்னது என்று வழக்குப் போட்டார்கள். 2004இல் ஜூரி விமான நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பணிப்பெண் இளவயதுக்காரர், பழைய வடிவத்தைக் கேட்டதே இல்லை என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அந்தச் சகோதரிகள் பழைய வடிவத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதும் உண்மை. ஒரே வரி, இரண்டு ஞாபகம்.

நான் என் மருமகளுக்கு அதைச் சொல்லித்தருவதில்லை. யாரையும் கண்டிக்கவும் இல்லை, புலி வடிவத்தைப் பாடும் பிள்ளைக்கு அது புலிதான். நம் சொத்திலும் அழுக்கு உண்டு. நிறம் குறைந்த பிள்ளையைக் கொஞ்சலாகவே 'கறுவல்' என்று கூப்பிடுவதும், "பிள்ளை பிடிகாரன் வாறான்" என்று மிரட்டும்போது தெருவில் போகும் யாரோ ஏழையைக் கைகாட்டுவதும் நம் வீடுகளில் நடந்ததுதான். கொஞ்சலாகச் சொன்னதால் அது நல்ல சொல்லாகிவிடாது. கூப்பிடப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அம்மா அப்பாவிடம் ஆங்கில மடிமொழி இல்லை என்றேன். ஒன்றே ஒன்று இருந்தது, ஆனால் அது ஆங்கிலம் என்றே அவர்களுக்குத் தெரியாது. "மாமாவுக்கு டாட்டா காட்டு!" கைக்குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி நம்மவர்கள் சொல்லும் அந்த 'டாட்டா', தூய ஆங்கில நர்சரிச் சொல். விடைபெறும்போது குழந்தை சொல்லும் சொல்லாக 1823இல் பதிவாகியிருக்கிறது. நன்றி சொல்லும் 'டா' அதற்கும் மூத்தது, 1772. வட இங்கிலாந்தில் இன்றும் கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு 'டா' என்பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிபிசி வானொலியின் 'இட்ஸ் தட் மேன் அகெயின்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில், துப்புரவு செய்யும் மிஸஸ் மாப் என்ற பாத்திரம் 'டாட்டா ஃபார் நவ்' என்பதைச் சுருக்கி நான்கு எழுத்தாகச் சொல்லிவிட்டுப் போவார், நாடே அதைத் திரும்பச் சொன்னது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் டாட்டா இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. வங்காளத்திலும் இந்தியிலும்கூட அதே டாட்டாதான். (கார் செய்யும் டாடாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது பார்சிக் குடும்பப் பெயர்.) இன்று லண்டனில் இளம் பெற்றோர் 'பாய் பாய்' என்கிறார்கள், டாட்டா வயசாளிகளின் சொல்லாகிவிட்டது. விக்டோரியா மகாராணி பிறந்து நான்கு ஆண்டில் பதிவான சொல்லை, அளவெட்டியிலும் மதுரையிலும் குழந்தைகள் தினமும் புதுசாகச் சொல்கிறார்கள்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியவந்தது என்றால், யாரோ மெனக்கெட்டு எழுதிவைத்தார்கள். அவர்களில் இருவரைச் சொல்லியாக வேண்டும். அயோனா, பீட்டர் ஓப்பி என்ற தம்பதி. பேராசிரியர்கள் அல்ல. 1944இல் வயல் வழியே நடந்து போகும்போது விரலில் ஒரு பொறிவண்டு ஏற, அதற்குச் சின்ன வயதில் படித்த பாட்டைச் சொல்லி அனுப்பிவிட்டு, இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்தார்களாம். அதிலேயே ஆயுள் போயிற்று. 1959இல் வந்த அவர்களுடைய 'பள்ளிச் சிறுவர்களின் மரபும் மொழியும்' என்ற புத்தகத்துக்கு எழுபது பள்ளிக்கூடங்களில் ஏறத்தாழ 5,000 பிள்ளைகளிடம் கேட்டுத் தகவல் சேர்த்தார்கள். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் மன்னர் முடி துறந்தபோது, அவரையும் சிம்ப்சன் சீமாட்டியையும் கிண்டல் செய்யும் ஒரு சிறுவர் பாட்டு, எந்தப் பத்திரிகையும் அச்சிடாமல், எந்த வானொலியும் ஒலிபரப்பாமல், சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவியதை அவர்கள் குறித்துவைத்தார்கள். வைரல் என்ற சொல் வருவதற்கு வெகு முன்பு.

நான் ஓப்பி அல்ல. வார இறுதியில் கூகுள் ஷீட் ஒன்றில் நான்கு நிரல் போட்டு வைத்திருக்கிறேன். சொல், சொன்னவர், ஊர், எப்போது சொல்வார்கள். முதியவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டால் வைத்தியர் நியமனம், காலநிலை எல்லாம் கதைத்து முடித்த பிறகு, சின்னப் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்பேன். முதலில் "அதெல்லாம் ஒரு கதையா" என்பார்கள். பிறகு நிறுத்த முடியாது. உள்ளங்கையில் நண்டு ஊரவிட்டு அக்குளில் கூச்சம் காட்டும் விளையாட்டுக்கு ஊருக்கு ஊர் வேறு முடிவு. ஆங்கிலேயர் கால்விரலில் பன்றிகளைச் சந்தைக்கு அனுப்பிக் கடைசியில் கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்களே, 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிய அந்த விளையாட்டின் சித்தப்பா மகன் மாதிரி. நண்டு எந்த விரலில் ஆரம்பிக்கிறது என்பதில் சாவகச்சேரி அத்தைக்கும் கும்பகோணத்துச் சம்பந்திக்கும் உடன்பாடு இல்லை. இருவரையும் தனித்தனி வரிசையில் போட்டிருக்கிறேன்.

கடைசியாகச் சேர்த்த வரிசை பெரியம்மாவுடையது. குழந்தை தும்மினால் ஆங்கிலேயர் 'பிளெஸ் யூ' என்பார்கள் அல்லவா, நம் வீட்டில் 'நூறு' என்பார்கள், நூறு வயது வாழவேண்டும் என்று. இரண்டாம் தும்மலுக்கு 'இருநூறு'. தும்மியவரை வாழ்த்தும் வழக்கம் திருக்குறளிலேயே இருக்கிறது, 1317ஆம் குறளைப் பாருங்கள், அங்கே வாழ்த்து ஊடலில் போய் முடியும். அப்படியென்றால் மூன்றாம் தும்மலுக்கு என்ன என்று பெரியம்மாவிடம் கேட்டேன், முந்நூறு என்பா என்று நிரலைத் தயாராகத் திறந்து வைத்துக்கொண்டு.

"மூண்டு தரம் தும்மினால் தடிமன் எண்டு அர்த்தம். பனடோல் பாணி குடு" என்றா. அதையும் எழுதிக்கொண்டேன்.